"இவனைப்போல் நான் இல்லை": ஒப்பீடு, பெருமை, சுயவஞ்சனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும். அதை முதலிலேயே சொல்லிவிடலாம். லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமை அது. ஜெபம்பண்ண இரண்டு பேர் தேவாலயத்துக்குப் போகிறார்கள். ஒருவன் பரிசேயன், அதாவது மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதக் கூட்டத்தைச் சேர்ந்தவன். மற்றவன் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன். பரிசேயன், தான் பறிகாரரைப்போலவும் அநியாயக்காரரைப்போலவும் விபசாரக்காரரைப்போலவும் "இந்த ஆயக்காரனைப்போலவும்" இல்லாததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறான். வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், சம்பாத்தியம் எல்லாவற்றிலும் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) என்று கணக்கும் கொடுக்கிறான். ஆயக்காரன் தூரத்தில் நின்று, கண்ணைக்கூட நிமிர்த்தாமல், மார்பில் அடித்துக்கொண்டு, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்கிறான். இவனே நீதிமானாக வீடு திரும்பினான் என்று இயேசு முடித்தார்.

பரிசேயன் சொன்னதெல்லாம் உண்மைதானே? அப்புறம் அவன்மேல் என்ன குற்றம்?

உண்மைதான். அவன் பொய் சொன்னதாக இயேசு எங்கேயும் சொல்லவில்லை. மோசேயின் நியாயப்பிரமாணம் உபவாசத்துக்கென்று குறித்தது வருஷத்தில் ஒரே நாள், பாவநிவாரண நாள். இவன் வாரத்துக்கு இரண்டு நாள் இருந்தான். தசமபாகம் விதிக்கப்பட்டது விளைச்சலுக்கும் கால்நடைக்கும். இவன் கைக்கு வந்த எல்லாவற்றிலும் கொடுத்தான். இன்றைக்கு நம் சபையில் இப்படி ஒருவர் இருந்தால் அடுத்த தேர்தலிலேயே கமிட்டியில் உட்கார வைத்துவிடுவோம்.

மறுபக்கம், ஆயக்காரன் ஊரார் தவறாகப் புரிந்துகொண்ட நல்ல மனிதனும் அல்ல. ஞானஸ்நானம் பெற வந்த ஆயக்காரர் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டபோது, விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றுதான் யோவான்ஸ்நானன் சொன்னார். மேலே வாங்குவது அந்தத் தொழிலில் எவ்வளவு சாதாரணம் என்று அதிலேயே தெரிகிறது. பரிசேயன் அவனைப் பற்றி நினைத்ததில் பெரும்பாலும் தப்பிருக்காது.

அப்படியென்றால் குற்றம் எங்கே? அந்த ஜெபத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். "தேவனே" என்று ஆரம்பிக்கிறது, நன்றியும் சொல்கிறது. ஆனால் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. ஜெபம்பண்ண வந்தவன் எதுவும் கேட்காமலே போகிறான், தேவை எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. நடுவில் கண் வேறு பின்பக்கம் போய், அங்கே நிற்கிறவனைப் பிடித்து ஜெபத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. எந்தெந்தப் பாவங்களைப் பட்டியலிடுகிறான் என்பதையும் கவனியுங்கள். தான் செய்யாதவை மட்டும். கேள்வித்தாளைத் தானே எழுதி, தானே திருத்தி, நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்ட மாதிரி.

யாருக்காக இந்தக் கதை சொல்லப்பட்டது என்று லூக்கா முன்னுரையாக ஒரு வரி வைத்திருக்கிறார்: "தங்களை நீதிமான்களென்று நம்பி, மற்றவர்களை அற்பமாயெண்ணின" சிலருக்காக. இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொல்வது சும்மா இல்லை. முதல் பாதி இரண்டாம் பாதியின் மேல்தான் நிற்கிறது. ஆயக்காரனை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டால் பரிசேயனின் ஜெபத்துக்குக் காலே இல்லை.

அப்படியானால் பரிசேயர் எல்லோரும் மாய்மாலக்காரர்களா?

இல்லை. பிரசங்கங்களில் அப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். ஏரோது கொல்லத் தேடுகிறான் என்று இயேசுவை எச்சரித்தவர்கள் பரிசேயர்கள் (லூக்கா 13). அப்போஸ்தலருக்காக ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து பேசிய கமாலியேல் பரிசேயன். நிக்கொதேமுவும் பரிசேயன். பவுல், விசுவாசத்துக்கு வந்து பல வருஷம் கழித்தும், "நான் பரிசேயன்" என்றே சொன்னார். ஒரு கூட்டத்தையே ஒட்டுமொத்தமாகக் கெட்டவர்களாக்கி வைத்துக்கொண்டால் உவமை நம்மைத் தொடாமலே போய்விடும். அது நமக்கு வசதிதான்.

மற்றவரோடு ஒப்பிடுவதே பாவமா?

அப்படிச் சொல்ல முடியாது. பவுலே "என்னைப் பின்பற்றுங்கள்" என்று எழுதியவர். எபிரெயர் 11ஆம் அதிகாரம் முழுக்க முன்னோரைக் காட்டுகிறது, அடுத்த அதிகாரம் அவர்களை வைத்தே நம்மை ஓடச் சொல்கிறது. ஒருவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒப்பிடுவது ஒன்று. ஒருவரைப் பார்த்து நிம்மதியடைய ஒப்பிடுவது வேறு. முதலாவதில் வேலை நமக்கு மிஞ்சுகிறது, இரண்டாவதில் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

கொரிந்துவில் தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்ட போதகர்களைப் பற்றி, "தங்களைக்கொண்டு தங்களை அளந்துகொண்டு" இருக்கிறவர்கள் புத்திமான்கள் அல்ல என்று பவுல் எழுதினார். அவர் முதலில் கை வைப்பது அவர்கள் அறிவின்மேல்.

தன்னைத் தானே எப்படி ஏமாற்றிக்கொள்ள முடியும்? ஏமாற்றுகிறவனுக்கு உண்மை தெரிந்திருக்குமே?

இதற்கு வேதத்தில் தாவீதைவிடத் தெளிவான ஆள் இல்லை. தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டான். உரியாவைப் போர்முனையில் சாகும்படி விட்டான், அதற்கான உத்தரவுக் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினான். பிள்ளையும் பிறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நாத்தான் தீர்க்கதரிசி வருகிறார். அத்தனை மாதங்களும் தாவீது நியாயாசனத்தில் உட்கார்ந்து வழக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான்.

நாத்தான் ஒரு வழக்கு சொல்கிறார். நிறைய ஆடு மாடு வைத்திருந்த பணக்காரன் தன் விருந்தாளிக்காக, மடியில் போட்டு வளர்த்த ஒரே குட்டியை ஏழையிடமிருந்து பிடுங்கிச் சமைத்துவிட்டான். தாவீதுக்கு ஆத்திரம் பொங்குகிறது. அந்த மனுஷன் சாகவேண்டும், நாலத்தனை திரும்பக் கொடுக்கவேண்டும் என்கிறான். திருடி அடித்த ஆட்டுக்கு நாலு ஆடு என்பது யாத்திராகமம் 22இல் இருக்கிற சட்டம். ஆட்டைத் திருடியவனுக்கு மரணம் என்று அதில் இல்லை. அதை தாவீது தன் கையிலிருந்து சேர்த்தான்.

சுயவஞ்சனை வேலை செய்கிற விதம் அந்த இடத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. தாவீதின் நியாய உணர்வு செத்துப்போகவில்லை. நன்றாகவே வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே. அது திரும்பியிருந்த திசைதான் வெளிப்பக்கம். உள்ளே விசாரிக்கப்படாமல் கிடந்த வழக்கின் உஷ்ணமெல்லாம் யாரோ ஒரு ஆட்டுத் திருடன்மேல் இறங்கியது. ஒருவருடைய சின்னத் தப்புக்கு நமக்கு அளவுக்கு மீறிய கோபம் வந்தால், அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்ப்பது நல்லது.

"நீயே அந்த மனுஷன்" என்றார் நாத்தான். நேராக வந்து குற்றம் சாட்டியிருந்தால் தாவீதிடம் பதில் தயாராக இருந்திருக்கும்: போர் என்றால் சாவு சகஜம், ராஜாவுக்கு ஆயிரம் காரியம். தெரிந்தும் தெரியாமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட சாக்குகள் போதும். எரேமியா இருதயத்தைத் "திருக்குள்ளது" என்றதும் இதைத்தான். அதற்குப் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. எதைப் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்று வரிசையை மாற்றி வைத்தாலே போதும்.

நான் கொலை செய்யவில்லை, கொள்ளையடிக்கவில்லை. நாட்டில் எவ்வளவோ மோசமானவர்கள் இருக்கும்போது நான் நல்லவன் என்று நினைப்பதில் என்ன தப்பு?

2014இல் வெளியான ஓர் ஆய்வு இங்கிலாந்துச் சிறைக் கைதிகளிடம் இதே கேள்வியைக் கேட்டது. நேர்மை, இரக்கம், தாராளம், நம்பகம் போன்ற குணங்களில் உங்களை மற்றக் கைதிகளோடும் வெளியே இருக்கும் சாதாரண மக்களோடும் ஒப்பிட்டு மதிப்பிடுங்கள் என்றார்கள். கைதிகள் தங்களை மற்றக் கைதிகளைவிட மேல் என்றார்கள். வெளியே இருப்பவர்களைவிடவும் மேல் என்றார்கள். ஒரே ஒரு குணத்தில் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். சட்டத்துக்குக் கீழ்ப்படிவதில் வெளியாட்களும் தாங்களும் சமம் என்று! தண்டனை அனுபவித்துக்கொண்டே சொன்ன பதில் இது.

சிரிப்பு வரும். ஆனால் சிறைக்கு வெளியே இருக்கிற நமக்கும் அதே மனசுதான். நம்மைவிட மோசமான ஒருவர் எப்போதும் கிடைப்பார். கிடைக்காவிட்டால் செய்தித்தாளில் கிடைப்பார். அதனால் "அவரைவிட நான் பரவாயில்லை" என்பது நம்மைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை, யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைத்தான் காட்டுகிறது. கடவுளுக்கு முன்னால் அந்தத் தேர்வு நம் கையில் இல்லை. "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்" என்று யோவான் எழுதியது உலகத்துக்கு அல்ல, சபைக்கு.

ஆனால் உண்மையிலேயே நான் அவரைவிட ஒழுங்காக இருந்தால்? அதை இல்லை என்று நடிக்க வேண்டுமா?

நடிக்க வேண்டாம். நடிப்பும் பொய்தான். ஒரு அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் கையெழுத்துக்குக் காசு வாங்குகிறார், நீங்கள் வாங்குவதில்லை என்றால், நீங்கள் வாங்குவதில்லை என்பது உண்மை. அது நல்லதும்கூட. அதற்காக வெட்கப்படச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

கேள்வி அடுத்த படியில் வருகிறது. பவுல் கேட்கிறார்: "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" காசு வாங்காமல் இருக்க உங்களுக்கு உதவியது என்னவெல்லாம் என்று கொஞ்சம் எழுதிப் பாருங்கள். தப்புக்குப் பயப்படக் கற்றுக்கொடுத்த அம்மா அப்பா. வீட்டில் இரண்டு சம்பளம். கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நிற்காத வாழ்க்கை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அலைந்த அனுபவம் இல்லாதது. அவருக்கு வந்த சோதனை அதே எடையில் உங்களுக்கு வந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. இதனால் அவர் செய்வது சரியாகிவிடாது, லஞ்சம் லஞ்சம்தான். ஆனால் உங்கள் நேர்மையில் உங்கள் பங்கு எவ்வளவு, பெற்றுக்கொண்டது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல உங்களால் முடியாது.

பவுல் தன் விஷயத்திலேயே இதைச் செய்து காட்டுகிறார். என்னிடத்தில் ஒரு குற்றமும் எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் அதனால் நான் நீதிமானாகிவிடமாட்டேன், என்னை விசாரிக்கிறவர் கர்த்தர் என்கிறார். சுத்தமான மனச்சாட்சி இருக்கிறது. ஆனால் அதற்குத் தீர்ப்பு எழுதும் அதிகாரத்தை அவர் கொடுக்கவில்லை.

பெருமையில் வகைகள் உண்டா?

590 முதல் 604 வரை ரோமில் போப்பாக இருந்த பெரிய கிரகோரி நான்காகப் பிரித்தார். நம்மிடம் இருக்கும் நன்மை நம்மால் வந்தது என்று நினைப்பது முதல் வகை. கடவுள் கொடுத்ததுதான், ஆனால் நமக்குத் தகுதி இருந்ததால் கொடுத்தார் என்று நினைப்பது இரண்டாவது. இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பெருமையடிப்பது மூன்றாவது. மற்றவர்களை அற்பமாய் எண்ணி, இருப்பதை நம்மிடம் மட்டும் இருப்பதாகக் காட்ட விரும்புவது நான்காவது.

சபைக்குப் பழகினவர்கள் வழுக்குவது இரண்டிலும் நாலிலும்தான். "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று வாய் சொல்லும்போதே, கிருபை நம் வீட்டுக்கு வந்ததில் ஒரு நியாயம் இருப்பதாக மனசு நினைக்கும். பரிசேயனும் நன்றிதான் சொன்னான் என்பதை மறக்கக் கூடாது.

சபைக்குள் இது எப்படியெல்லாம் தலைகாட்டும்?

பட்டியல் போட்டால் முடியாது. முதலில் ஜெபக்குறிப்பு. "அந்தச் சகோதரருக்காக பாரத்தோடு ஜெபிச்சுக்கோங்க, பேர் சொல்ல வேண்டாம்" என்று ஆரம்பித்து, பேர் மட்டும் சொல்லாமல் மற்ற எல்லாம் வெளியே வந்துவிடும். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது பேரும் வந்துவிடும். அப்புறம் "பெயர்க் கிறிஸ்தவர்கள்" என்ற சொல். அதை யாரும் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. நகை போடாத சபைக்காரர் நகை போடுகிறவரைப் பார்ப்பது, பாமாலை பாடுகிறவர் கைதட்டிப் பாடுகிறவரைப் பார்ப்பது, இரண்டு பக்கமும் ஒரே பார்வைதான். பிரசங்கம் கேட்கும்போது "இதைக் கேட்க அவர் இன்றைக்கு வரவில்லையே" என்று தோன்றுகிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது நம் காலத்து வியாதி இல்லை. "பன்னிருவர் போதனை" என்ற மிகப் பழைய சபை ஒழுங்குப் புத்தகத்தில் எட்டாம் அதிகாரம் இப்படிச் சொல்கிறது: மாய்மாலக்காரரோடு உபவாசம் இருக்காதீர்கள், அவர்கள் வாரத்தின் இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும் இருக்கிறார்கள், நீங்கள் நாலாம் நாளும் ஆறாம் நாளும் இருங்கள். அதாவது அவர்கள் திங்களும் வியாழனும், நீங்கள் புதனும் வெள்ளியும். வாரத்துக்கு இரண்டு நாள் உபவாசம் என்று சொன்ன பரிசேயனின் உவமையை வைத்திருந்த சபை, அதே இரண்டு நாளைக் கிழமை மாற்றி எடுத்துக்கொண்டது! எழுதியவர்களுக்கு இதில் வேடிக்கை எதுவும் தெரிந்திருக்காது.

நம் ஊர்ச் சபை வரலாற்றில் இதைவிட வலிக்கிற ஒன்று இருக்கிறது. விக்கிரகங்களை விட்டு வந்தோம் என்று சாட்சி சொன்னவர்கள், அதே ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் யார் முந்தி, யார் பிந்தி என்று வரிசை இருந்தது. கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். அவர்களில் ஜெபிக்கத் தெரியாதவர்கள் இல்லை, வேதம் அறியாதவர்கள் இல்லை. புறமதத்தாரோடு தங்களை ஒப்பிட்டுப் பார்த்து, தாண்டவேண்டியதைத் தாண்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தார்கள். இன்றைக்கும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டாக இருக்கிறது. ஆகவே "இருந்தார்கள்" என்று இறந்தகாலத்தில் எழுதுவதும் முழு உண்மை ஆகாது.

உண்மையாக மனந்திரும்பியவருக்கும் இப்படிக் குருடு இருக்குமா?

இருக்கும். ஜான் நியூட்டனைப் பாருங்கள். கிருபையைப் பற்றி அவர் எழுதிய "Amazing Grace" பாட்டு உலகமெங்கும் பாடப்படுகிறது. 1748 மார்ச்சில் நடுக்கடல் புயலில் கடவுளை நோக்கித் திரும்பினார். அதுவரை மாலுமிகளே முகம் சுளிக்கும் அளவுக்குத் தேவதூஷணம் பேசினவர், அதை விட்டார். எல்லோருக்கும் தெரிவது இவ்வளவுதான். ஆனால் 1750க்கும் 1754க்கும் நடுவில் அவர் அடிமைக் கப்பல்களின் கேப்டனாக மூன்று பயணம் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தினார். அந்த மேல்தளத்துக்குக் கீழே சங்கிலியில் மனிதர்கள் கிடந்தார்கள்.

1754இல் கடல் வேலையை விட்டதுகூட உடல்நலம் கெட்டதால்தான். குருவாகி, கிருபையைப் பற்றிப் பிரசங்கித்து, பாட்டெழுதி, 1788இல்தான் அடிமை வியாபாரத்துக்கு எதிராகத் தன் பங்கை ஒப்புக்கொண்டு வெளிப்படையாக எழுதினார். அந்தக் காலத்தில் அது தப்பென்று மனதில் உறுத்தவே இல்லை என்றும் சொன்னார். நம்ப முடிகிறது. தன்னைச் சுற்றியிருந்த கப்பல் கேப்டன்களோடு ஒப்பிட்டால் அவர் ஒழுக்கமானவர், பழைய நியூட்டனோடு ஒப்பிட்டால் புது மனிதன். அந்த இரண்டு அளவுகோலிலும் அவர் தேறிவிட்டார். கீழ்த்தளத்தில் கிடந்தவர்களிடம் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

"நியாயந்தீர்க்காதிருங்கள்" என்றால் தப்பைத் தப்பென்று சொல்லவே கூடாதா?

மத்தேயு 7ஐ ஐந்தாம் வசனம்வரை படித்தால் இந்தக் கேள்வியே வராது. முன்பு உன் கண்ணில் இருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்கிறார் ஆண்டவர். துரும்பு அங்கே இருக்கிறது, எடுக்கத்தான் வேண்டும். கண் தெரியாதவன் எடுக்கப் போனால் கண் போய்விடும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சபையில் பணம் காணாமல் போனாலோ, ஒரு பெண்ணுக்கோ பிள்ளைக்கோ தீங்கு நடந்தாலோ, "நாமெல்லாரும் பாவிகள்தானே, நியாயந்தீர்க்க நாம் யார்" என்று மூடிப் போடுகிறவர்கள் உண்டு. கேட்கத் தாழ்மையாக இருக்கும். பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்கும் வேலை அது. நாத்தான் "நானும் பாவிதானே" என்று வீட்டிலேயே இருந்துவிடவில்லை. புகார் கொடுக்கவேண்டிய இடத்தில் கொடுங்கள், காவல்துறை வரை போகவேண்டியிருந்தால் போங்கள்.

"நான்தான் எல்லாரிலும் பெரிய பாவி" என்று சொல்லிக்கொள்வது தாழ்மைதானே?

சொல்கிற ஆளைப் பொறுத்தது. பாவிகளில் பிரதானமானவன் நான் என்று பவுல் சொன்னார். ஆனால் அவர் கையில் நிஜமான கணக்கு இருந்தது: துன்புறுத்தின வீடுகள், ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றவர்கள் இவர் காலடியில் கழற்றி வைத்த வஸ்திரங்கள். நாம் ஜெபக்கூட்டத்தில் "புழுவிலும் கேடான பாவி" என்று பொதுவாகச் சொல்வதில் எந்தக் குறிப்பான பாவமும் இருக்காது. சோதித்துப் பார்க்க வழி சுலபம். கூட்டம் முடிந்ததும் யாராவது வந்து, "ஆமா பிரதர், நீங்க போன வாரம் அவரிடம் பேசினது ரொம்பத் தப்பு" என்று சொல்லட்டும். முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

வீண்புகழை வெறுக்கிறேன் என்று சொல்லி அதிலேயே வீண்புகழ் தேடுகிற மனதைப் பற்றி ஆதி சபைப் பேராயர் அகுஸ்தீன் சுமார் 1,600 வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார். இந்தச் சுழலுக்கு அடி கிடையாது. "பரிசேயனைப்போல் நான் இல்லை, ஸ்தோத்திரம்" என்று உவமையைப் படித்து முடிக்கிறவர்களும் இதில்தான் இருக்கிறார்கள்.

மற்றவரைப் பார்த்து நான் மட்டம் என்று குமைவதும் பெருமையா?

எப்போதும் இல்லை. பெற்றோரும் பள்ளிக்கூடமும் பக்கத்து வீட்டுப் பையனைக் காட்டிக் காட்டி உடைத்துப்போட்ட மனசும் இருக்கிறது, அதற்கு வேண்டியது ஆறுதல். கண்டிப்பு அங்கே உதவாது. சிலருக்கு இது தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போகும். செய்யாத பாவத்தையும் தேடித் தேடி அறிக்கையிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு, நம்பிக்கையான ஒரு மூத்தவரிடமோ மனநல மருத்துவரிடமோ பேசுவது நல்லது.

என்னை நானே ஏமாற்றுகிறேனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தனியாக உட்கார்ந்து யோசித்தால் பெரும்பாலும் கிடைக்காது. யோசிக்கிறதும் அதே மனசுதானே. "தன் பிழைகளை உணருகிறவன் யார்?" என்று கேட்ட சங்கீதக்காரன் அடுத்த மூச்சிலேயே, மறைவான குற்றங்களுக்கு என்னை நீங்கலாக்கும் என்று ஜெபத்துக்குப் போய்விடுகிறான்.

மனிதர் உதவியும் வேண்டும். வீட்டில் கேளுங்கள், மனைவியிடமோ கணவரிடமோ வளர்ந்த பிள்ளைகளிடமோ. "என்னிடம் சொல்லத் தயங்குகிற ஒரு விஷயம் என்ன?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்போது விளக்கம் சொல்லாமல் இருந்து பாருங்கள். அதுதான் கஷ்டம். சபை மூப்பரைவிட, உங்களிடம் சம்பளம் வாங்குகிறவரிடம் கேட்டால் இன்னும் நல்லது, அவர் பயப்படாமல் சொல்வாரென்றால்.

நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் ஸ்கேத்தே வனாந்தரத்தில் மோசே என்ற துறவி இருந்தார். முன்பு கொள்ளைக்காரராக இருந்தவர். தப்பு செய்த ஒரு சகோதரனை விசாரிக்கச் சங்கம் கூடியது, இவரையும் அழைத்தார்கள். இவர் போகவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, ஓட்டைக் குடத்தில் தண்ணீரை நிரப்பித் தூக்கிக்கொண்டு வந்தார். இதென்ன என்று கேட்டார்கள். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டிருக்கின்றன, நான் அவற்றைப் பார்ப்பதில்லை, இன்றைக்கு இன்னொருவன் குற்றத்தை விசாரிக்க வந்திருக்கிறேன் என்றார். அந்தச் சகோதரனை மன்னித்து விட்டுவிட்டார்கள். ஒழுகுகிறது பின்பக்கம், அதனால் பின்னால் வருகிறவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஒருமுறை உடைந்து மனந்திரும்பினால் இந்தப் பழக்கம் போய்விடுமா?

பேதுருவுக்குப் போகவில்லை. "எல்லாரும் இடறலடைந்தாலும், நான் ஒருக்காலும் இடறலடையேன்" என்று மற்றச் சீடர் எல்லாரையும் கீழே வைத்துப் பேசினவர் அவர். அன்று ராத்திரியே இயேசுவைத் தெரியாது என்று மூன்றுமுறை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் இயேசு அவரிடம் கேட்ட முதல் கேள்வியிலேயே அந்தப் பழைய பேச்சு இருக்கிறது: "இவர்களிலும் அதிகமாய்" என்னை நேசிக்கிறாயா? பேதுரு அந்தப் பகுதியைத் தொடவே இல்லை. உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர் என்று மட்டும் சொன்னார். இவர்களைவிட என்று சொல்ல இனி அவருக்கு வாய் வரவில்லை.

சரி, பாடம் கற்றுக்கொண்டார் என்று நினைத்தால், கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்க்கிறார். பின்னால் யோவான் வருகிறான். "ஆண்டவரே, இவன் காரியம் என்ன?" என்று கேட்டுவிட்டார்! நான் வரும்வரை இவன் இருக்க எனக்குச் சித்தமானால் "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்று பதில் வந்தது. யோவானுக்கு என்ன ஆகும் என்பதை இயேசு சொல்லவே இல்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்தே, அந்தச் சீடன் மரிப்பதில்லை என்ற பேச்சு சகோதரருக்குள்ளே பரவிவிட்டது. அப்படி அவர் சொல்லவில்லை என்று யோவான் தன் சுவிசேஷத்தின் கடைசிப் பக்கத்தில் மறுப்பு எழுதவேண்டியிருந்தது.